நிமிடங்களுக்குக் கணக்கு கேட்போம்

திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இதய நோயாளிகள் வந்து வேண்டிக்கொள்வது வழக்கம். கையில் காசில்லாத அடியார் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார் என்றும், தன் கோயிலுக்கும் அதே நாளைக் குறித்திருந்த மன்னன் காடவர்கோனின் கனவில் இறைவன் வந்து நாளை மாற்றச் சொன்னார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. நெஞ்சுக்குள் குடியேறிய சாமி என்பதால் நெஞ்சுவலிக்காரர்களுக்கும் அவரே வைத்தியராகிவிட்டார். வேண்டிக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் இதே ஊரில் ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சை அடைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சாமியிடம் கேட்க முடியாது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். பக்கத்து நர்சிங் ஹோமுக்கு ஆட்டோவில் ஓடுவார்கள். ஈ.சி.ஜி. எடுப்பார்கள். "டாக்டர் வந்துட்டே இருக்கார்" என்று பதில் வரும். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க வசதி இல்லைங்க, மேல கொண்டு போயிடுங்க" என்பார்கள். மேலே என்றால் ஆவடியா, திருவள்ளூரா, சென்னையா? அதை வாசலில் நின்று முடிவு செய்வது நோயாளியின் மகனோ மைத்துனரோதான். அந்தக் கொஞ்ச நேரம் பத்து நிமிடமா நாற்பது நிமிடமா என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது.

மேலே என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் நெடுங்காலம் ஒரே பொருள்தான்: ஜி.எச். என்கிற சென்னை அரசு பொது மருத்துவமனை. 1664இல் கோட்டைக்குள் தொடங்கிய அந்த மருத்துவமனை 1772 முதல் இப்போதுள்ள இடத்தில் இருக்கிறது. நூறு வருடம் கழித்து, 1873இல், அதன் எதிரே சென்ட்ரல் ரயில் நிலையம் வந்தது. 1856இல் ரயில் ஓடத் தொடங்கிய திருநின்றவூர்ப் பாதையை ஒட்டிய ஊர்களுக்கு ரயிலே ஆம்புலன்ஸ். சென்ட்ரலில் இறக்கிச் சாலையைக் கடந்துவிட்டால் பெரியாஸ்பத்திரி. வண்டி வர வேண்டும், அதுவரை உயிர் தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் விதி என்று சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு அதற்கு மேல் சொல்லவும் வழியில்லை.

இன்று விதி என்று சொல்ல முடியாது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2022 ஜனவரியில் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு என்று வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே அனுப்ப வேண்டும். சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய சிகிச்சை மையங்களோடு இணைத்துத் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. 2,420 நோயாளிகளைக் கொண்ட அதில், ஓராண்டுக்குள் நேரும் இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடித்து அல்ல. யார், எங்கே, எப்போது அனுப்புவது என்பதை ஒழுங்குபடுத்தியதே முக்கியக் காரணம்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. அடிபட்ட ஸ்கூட்டர்காரரை 'இது போலீஸ் கேஸ்' என்று இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனைக்கு அனுப்ப, வழியிலேயே அவர் இறந்த செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா வழக்குத் தொடுத்தார். முதலில் உயிரைக் காப்பாற்று, மற்றதெல்லாம் பிறகு என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1992இல் வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளி ஒருவரைக் கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் இடமில்லை, வசதியில்லை என்று ஒன்று மாற்றி ஒன்றாகத் திருப்பி அனுப்பின. விடிந்த பிறகு தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டுப் பிழைத்தார். செலவு 17,000 ரூபாய். 1996இல் நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னதோடு, எங்கே படுக்கை இருக்கிறது என்று உடனே தெரிந்து அனுப்ப ஒரு மையத் தொடர்பு ஏற்பாடும் வேண்டும் என்றது. பணமில்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்றும் சொன்னது.

இந்த வரிசையில் என்னை அதிகம் உறுத்துவது 2005இன் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. 1995 பிப்ரவரி, லூதியானாவில் பெரிய மருத்துவமனை ஒன்று. இரவு பதினோரு மணி வாக்கில் நோயாளிக்கு மூச்சுத் திணறுகிறது. மகன் நர்ஸிடம் ஓடுகிறார். இருபது, இருபத்தைந்து நிமிடம் டாக்டர் யாரும் வரவில்லை என்பது குடும்பத்தின் புகார். வந்த பிறகு வாயில் ஆக்சிஜன் குழாயை வைக்கிறார்கள், சிலிண்டர் காலி. பக்கத்து அறையிலிருந்து மகனே இன்னொன்றைக் கொண்டுவருகிறார். அதைப் பொருத்த வழியில்லாமல் ஐந்தாறு நிமிடம் போகிறது. அதற்குள் உயிரும் போய்விட்டது.

நோயாளி முற்றிய புற்றுநோய்க்காரர் என்பதையும் நீதிமன்றம் கருதியது. சிலிண்டர் இல்லாததற்கு மருத்துவமனை இழப்பீட்டு வழக்கில் பதில் சொல்லலாம், டாக்டர்கள் மீது குற்ற வழக்கு நிற்காது என்றது. மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் கிரிமினல் வழக்கு என்ற வரையறை அன்று உறுதியானது. டாக்டர்கள் கை நடுங்கிக்கொண்டே வைத்தியம் பார்த்தால் நமக்குத்தான் நஷ்டம் என்பதால் அந்த வரையறையில் நியாயம் உண்டு. 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் நோயாளியின் மகன் டாக்டரைக் கத்தியால் குத்தியதைப் பார்த்தோம். சின்ன நர்சிங் ஹோம்கள் தங்கள் கட்டிலில் சாவு விழக் கூடாது என்று அவசரமாக மேலே தள்ளுவதில் இந்தப் பயத்துக்கும் பங்குண்டு.

ஆனாலும் அந்த இருபது நிமிடத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அறுவைசிகிச்சையில் கத்தி தவறினால் கத்தி பிடித்த கை இருக்கிறது. தாமதத்துக்கு அப்படி ஒரு கை இல்லை. நர்ஸ் போன் செய்தேன் என்பார், டாக்டர் கிளம்பிவிட்டேன் என்பார், டிரைவர் ரயில்வே கேட் என்பார். 2022இல் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டு அறுவைசிகிச்சை செய்துகொண்ட கால்பந்து வீராங்கனை விஷயத்திலும், இறுக்கிக் கட்டிய கட்டை உரிய நேரத்தில் அவிழ்க்கவில்லை என்பதுதான் முக்கியக் குறை. காலை எடுத்தும் உயிர் மிஞ்சவில்லை. அங்கே கேஸ் ஷீட் இருந்தது; இரண்டு டாக்டர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

மேலே அனுப்பப்படுகிறவருக்கு அந்தக் காகிதமும் இல்லை. மருத்துவ ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்கிற 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி உள்நோயாளிகளைத்தான் சொல்கிறது. விபத்துக் கேஸ் என்றால் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவு போடுவார்கள். நெஞ்சுவலியோடு வந்து முக்கால் மணி நேரம் ஸ்ட்ரெச்சரில் கிடந்து, அட்மிஷன் போடாமலே அனுப்பப்பட்டவர் அந்த மருத்துவமனையின் கணக்கில் வராமலே போய்விடலாம். 108க்கு அழைத்தால் அழைத்த நேரமாவது பதிவாகிறது. வாசலுக்கு உள்ளே எந்தக் கடிகாரமும் ஓடுவதில்லை.

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றாக வேண்டும். அந்தப் பதிவுக்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்க அரசுக்குப் பெரிய செலவில்லை: உள்ளே வந்த நேரம், டாக்டர் பார்த்த நேரம், ஆம்புலன்ஸை அழைத்த நேரம், வெளியே அனுப்பிய நேரம், எந்த மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டு அனுப்பினார்கள் என்பது. ஐந்து வரி, ஒரு கையெழுத்து, ஒரு நகல் நோயாளியின் கையில். நேர்மையான டாக்டருக்கும் இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

அதுவரை நம் வேலையை நாம் பார்ப்போம். மருத்துவமனை வாசலில் செல்போனில் ஒரு படம் எடுத்தாலே நேரம் பதிந்துவிடும். மேலே அனுப்பினால் ரெஃபரல் சீட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள், அதில் நேரம் எழுதச் சொல்லுங்கள். ஆவணங்களை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு.