எருச்சாறும் அரிதட்டும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு எரு புதிய பொருளன்று. பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்து, ஆட்டுப்பட்டி அடைத்துச் செம்மண்ணை வளம்படுத்தியவர்கள் நம் முன்னோர். 1924 இல் இந்தூருக்கு வந்த அல்பேட் ஹவாட் என்னும் ஆங்கில அறிஞரும் இந்திய உழவரிடம் கற்றே தம் கூட்டெரு முறையை வகுத்தார். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து, அவ்வாண்டிலேயே நீங்கிய வேளையில், கூட்டெருவை நீரில் ஊறவைத்துத் தெளிக்கும் எருச்சாறு பற்றிய பேச்சும் நம்மிடையே எழுந்தது.

எருவை எவ்வளவு நுண்ணியதாக உதிர்க்க வேண்டும்? மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனக்கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதனை ஒரு மில்லிமீற்றர்க் கட்டிகளாக்கினால் 1000 துண்டுகள். மேற்பரப்போ 60 சதுர சென்ரிமீற்றர். நுண்ணங்கிகள் குடியிருப்பது பெரும்பாலும் மேற்பரப்பிலேயே. ஆகவே, துண்டு சிறுக்க, நீர் தழுவும் இடம் பெருகும். நுண்ணங்கிகளும் எளிதிற் பிரிந்து சாற்றிற் கலக்கும்.

அப்படியாயின் மாவாக அரைத்துவிடலாமே எனின், அதுவும் தவறு. மா நீரிற் படிந்து இறுகும், காற்றுப் புகாது. ஒட்சிசன் குன்றிய இடத்தில் நாற்றம் பிறக்கும். அரைக்கும்போது பங்கசுகளின் மெல்லிய இழைகளும் அறுந்துபோகும். தூள் சீலையைக் கடந்து தெளிகருவியின் வாயையும் அடைத்துவிடும். பெருங்கட்டிகளிலோ நுண்ணங்கிகள் ஒட்டியபடியே கிடக்கும். நடுவழியே நல்வழி. குவியலிடும்போது குழையை ஓரிரு அங்குலத் துண்டுகளாக நறுக்குக. முதிர்ந்த எருவைக் கையால் உதிர்த்து அரிதட்டில் அரித்து, சீலைப்பையில் தளர்வாகக் கட்டுக. ஒரு பங்கு எருவுக்குப் பத்துப் பங்கு நீர் விட்டு, ஒரு நாளளவு காற்றூட்டி, உடனே பயன்படுத்துக. முதல் மழை மண்மணம் வீசினால் நன்று; துர்நாற்றம் வீசினால் பயிருக்கு விடாதீர்கள்.

எச்சரிக்கையும் வேண்டும். குவியல் பல நாட்கள் 55 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறி, புரட்டப்பட்டு, நன்கு முதிர்ந்திருத்தல் அவசியம். பச்சைச் சாணம் ஆகாது. பனங்கட்டி கரைத்து ஊற்றினால் நல்லவற்றோடு நோய்க்கிருமிகளும் பெருகக்கூடும். பச்சையாக உண்ணும் இலைகள்மீது தெளித்தலைத் தவிர்ப்பதே நன்று.

இவையெல்லாம் நமக்கு ஏன்? குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிற் தேங்கும் மழைநீரே நம் கிணற்று நீர். தோட்டத்தில் மிதமிஞ்சி இட்ட பசளை கிணற்றுக்கே இறங்கும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்தமை ஆய்வுகளிற் கண்ட உண்மை. கைக்குழந்தைகளுக்கு அது கேடு. இயற்கை எருவும் அளவு மீறினால் இதே குற்றத்தைச் செய்யும். ஆதலால் எருக்குவியல் கிணற்றடிக்கு எட்டவே இருக்கட்டும்.

எருச்சாறு எருவுக்கு மாற்றன்று. அதன் பயனும் எங்கும் ஒருபடித்தன்று. ஒரு வரிசை மிளகாய்க்குச் சாறும் அடுத்த வரிசைக்கு வெறும் நீரும் விட்டு, வேறுபாட்டை வாரந்தோறும் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பிறர் சொல்லைக் கேட்டு நம்புவதினும், நம் தோட்டம் சொல்வதைக் கேட்பது மேலல்லவா?