இருபது இலை போடு!

போன முகூர்த்தத்தில் பெருந்துறையில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் எங்களுக்குப் பங்காளி. அதனால் முதல் பந்தியிலேயே பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். இலையில் முதலில் விழுந்தது ஒப்புட்டு, அதன் தலையில் ஒரு கரண்டி நெய். பக்கத்து இலையில் என் மாப்பிள்ளை, அதாவது வீட்டுக்காரியின் தம்பி. ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் துணிக்கட்டு.

"என்ன மாப்ள, கால்ல?"

"முள்ளு ஏறிருச்சுங் மாமா. ஏறுனதே தெரியல. செருப்புல ரத்தத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுது. மூணு வாரமாச்சு, ஆறமாட்டீங்குது."

முள் குத்தியதே தெரியவில்லை என்றால் விஷயம் முள்ளில் இல்லை. "சுகரு?" என்றேன்.

"அதுதானுங் மாமா புரியவே மாட்டீங்குது. ஆறு மாசமா அரிசிச் சோத்தக் கையில தொடறதில்லீங். மூணு வேளையும் கம்பு, ராகிக் களிதான். அப்படியும் முந்நூறு காட்டுதுங். அப்பாரு இதைத் தின்னுபோட்டுத்தான எம்பத்தஞ்சு வயசு இருந்தாரு?"

இருந்தார். ஆனால் அப்பாரு விடியக்காலம் நாலு மணிக்குக் கவலை ஓட்டப் போனவர். மாப்பிள்ளை சிப்காட்டில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவர் ஓட்டுவது சக்கரம் வைத்த நாற்காலி. களி உருண்டையின் சைஸ் மட்டும் அப்பாரு காலத்தது!

சிறுதானியத்தைக் குறை சொன்னால் நம் பக்கத்தில் கல்லால் அடிப்பார்கள். எனக்கும் கம்மஞ்சோறும் மோரும் உயிர். ஆனால் 2025-ல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தார் ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து, நாடு முழுக்க 18,000 பேருக்கு மேல் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்ததை வெளியிட்டார்கள். நாம் தின்பதில் நூற்றுக்கு 62 பங்கு சக்தி மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அந்த மொத்தத்தைக் குறைக்காமல், அரிசியைத் தள்ளிவிட்டுச் சிறுதானிய மாவைக் கொண்டு வந்தால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. அதில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பயறு, பால், தயிர் என்று மாற்றினால் குறைகிறது.

ஏன் அப்படி? இங்கேதான் குடல் என்ற மகா அறிவாளி வருகிறார்.

1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்று இரண்டு பேர். (நிஜ மாமன் மச்சான்கள். ஸ்டார்லிங்கின் தங்கையைத்தான் பேலிஸ் கட்டியிருந்தார்.) ஒரு நாயின் குடலுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் வெட்டிவிட்டு, உள்ளே கொஞ்சம் அமிலம் விட்டுப் பார்த்தார்கள். நரம்பு இல்லாமலே கணையத்துக்குத் தகவல் போய், அது நீர் சுரந்தது. குடல் ஏதோ ஒரு சரக்கை ரத்தத்தில் கலந்து தூது அனுப்புகிறது! இந்த மாதிரித் தூதுவர்களுக்கு 1905-ல் ஸ்டார்லிங் வைத்த பெயர்தான் ஹார்மோன். வாலிபப் பிள்ளைகளின் சேட்டைக்கெல்லாம் நாம் பழி போடுகிற அந்த வார்த்தை பிறந்த இடம் குடல்.

1964-ல் இன்னொரு வேடிக்கை. குளுக்கோஸை ஊசி வழியாக ஏற்றியபோது சுரந்த இன்சுலினைவிட, வாய் வழியாகக் குடித்தபோது அதிகம் சுரந்தது. காரணம், கல்யாணப் பந்திதான். கூட்டத்தை எண்ணிப் பார்த்து, "இருபது இலை போடு!" என்று சமையற்கட்டுக்குக் குரல் கொடுக்க வாசலில் ஒருவர் நிற்பார் இல்லையா? குடலில் அந்த ஆள் பெயர் ஜி.எல்.பி.-1. கூட ஜி.ஐ.பி. என்று ஒரு தம்பியும் உண்டு. உணவு வந்து தொட்டதும் இவர்கள் கணையத்துக்குச் சொல்லி இன்சுலினைத் தயார் செய்கிறார்கள். ஜி.எல்.பி.-1 அதோடு நிற்காமல், இரைப்பையிடம் "மெதுவா அனுப்பப்பா" என்றும், மூளையிடம் "போதும், எந்திரி" என்றும் சொல்கிறார். பாவம், ஆயுசு இரண்டே நிமிஷம். அதற்குள் ஒரு நொதி வந்து ஆளை முடித்துவிடும்.

சுகர்காரர்களுக்கு இந்தக் குரல் கணையத்தில் சரியாக எடுபடுவதில்லை. இலையில் ஆள் உட்கார்ந்த பிறகு அடுப்புப் பற்ற வைத்த மாதிரி ஆகிறது.

அந்த இரண்டு நிமிஷ ஆயுசை நீட்ட வழி காட்டியது யார் தெரியுமா? ஒரு பல்லி! அமெரிக்கப் பாலைவனத்தில் கீலா மான்ஸ்டர் என்று ஒரு விஷப் பல்லி. அதன் விஷத்தில் ஜி.எல்.பி.-1 போலவே வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் சாகாத ஒரு பொருளை ஜான் எங் என்ற டாக்டர் 1992-ல் வெளியிட்டார். 2005-ல் அது ஊசி மருந்தாக வந்தது. பல்லி சொன்னால் பலிக்கும் என்று எங்கள் அம்மாயி சொன்னபோது நான் சிரித்திருக்கக் கூடாது. அந்த வழியில் வந்த வாராந்திர ஊசிகள் 2025-ல் இளைக்கிற ஊசியாக இந்தியக் கடைகளில் இறங்கின. டாக்டர் சொல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று போட்டுக்கொள்ளும் சமாசாரம் அல்ல.

ஊசி இல்லாமலும் அந்த வாசல்காரரைக் கொஞ்சம் உசுப்பலாம். பருப்பு, பயறு, முட்டை, கொழுப்பு எல்லாம் அவரைத் தட்டி எழுப்பும். காயின் நார் பெருங்குடல் வரை போய், அங்கே கிருமிகள் அதைப் புளிக்க வைத்து, அதிலிருந்து வரும் அமிலங்களும் அவரைக் கிள்ளும். மாவுச்சத்தும் எழுப்பத்தான் செய்யும். ஆனால் களியாகக் கிண்டின மாவு, அவர் வாயைத் திறப்பதற்குள் பந்தியில் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் வரிசை முக்கியம். காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டவர்களுக்கு, அதே சாப்பாட்டில் சர்க்கரை குறைவாக ஏறியதை 2015-ல் நியூயார்க் டாக்டர்கள் சின்ன அளவில் செய்து பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

நானும் வீட்டில் பார்த்தேன். ஒரே சாப்பாடு: சோறு, பச்சப்பயறு கடைஞ்சது, அவரைக்காய்ப் பொரியல். ஒரு நாள் வழக்கம் போலச் சோற்றில் ஆரம்பித்தேன், இரண்டு மணி நேரம் கழித்து 214. மறுநாள் பொரியலும் பயறும் முதலில், சோறு பின்னால்: 171. என் ஒரு விரல் குத்தல் ஆராய்ச்சி ஆகாது. மாத்திரைக்கும் லீவு கிடையாது. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்காரியிடம் மீட்டரைப் போய்க் காட்டினேன். "அப்ப சோத்துல ஒரு கரண்டி கொறைச்சா இன்னும் எறங்குமுங்ளே?" என்றாள். அதற்கு மீட்டரில் பதில் இல்லை.

பந்திக்கு வருவோம். மாப்பிள்ளையிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. "ஒப்புட்டத் தள்ளி வெய்யி. பொரியல், சுண்டல், கூட்டு முன்னால. சோறு ஒரு கை, கடைசியில" என்றேன். சோற்று வாளியோடு வந்த பையன் இரண்டு தடவை திரும்பிப் போனான். மூன்றாம் தடவை, "ஏனுங், சமையல் புடிக்கலீங்ளா?" என்று சமையல்காரரையே கூட்டி வந்துவிட்டான்.

ஒரு காலத்தில் டி.பி. சானடோரியத்துக்கு, உடம்பில் நாலு கிலோ ஏறாதா என்று ஆட்கள் வந்த ஊர் இது. திங்கட்கிழமை மாப்பிள்ளையைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கட்டைப் பிரித்த டாக்டர் விரலைத் தொட்டு, "இங்க தெரியுதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மூன்று இடத்தில் மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.

"விரல் தப்பிச்சிரும்னு நினைக்கறேன். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தீங்கன்னா சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "மாமா, கல்யாணத்துல அந்த ஒப்புட்டு... நீங்கதான தின்னீங்க?"

பாதிதான்.