காசிமேட்டுப் பையன் கையில் ஒரு கேமரா

நண்பர்களே, இன்னைக்கு சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எதுவும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு உட்கார்ந்து படிங்க.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர். இந்தப் பக்கத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டா, தென்சென்னையில் இருக்கும் என் நண்பர்கள் பலருக்கு ரெண்டே பதில்தான். ஒண்ணு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போனா வஞ்சிரம் நல்லதா கிடைக்கும். ரெண்டு, சினிமாவில் பார்த்த கத்தி.

இந்தப் பகுதிப் பையன்களை எல்லோரும் படம் எடுத்தாச்சு. டிவி எடுத்தது, சினிமா எடுத்தது, போலீஸ் ஸ்டேஷன்ல நேரா நிக்கவச்சு ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணுனு எடுத்தாச்சு. அந்தப் பையன் கையில் கேமராவைக் கொடுத்து "நீ எடுடா"னு சொன்னா என்ன ஆகும்? இன்றைய பதிவு அதைப் பற்றித்தான்.

முதல்ல, இதை ஏன் ஒரு டாக்டர் எழுதறேன்னு சொல்லிடறேன்.

பதினஞ்சு, பதினாறு வயசுப் பையனை அம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவாங்க. பல அம்மாக்கள் மீன் விக்கிறவங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போனாத்தான் அன்னைக்குக் கூடை நிறையும். அப்பா கடல்ல. பையன் எப்ப எழுந்தான், ஸ்கூலுக்குப் போனானா, யார்கூட சேர்ந்தான், பார்க்க வீட்டில் ஆள் கிடையாது. இது அம்மாவின் தப்பு இல்லை, தொழிலோட நேரம் அப்படி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேற. விசைப்படகெல்லாம் கரையில். ஐஸ் உடைக்கிறவர், பெட்டி தூக்குறவர், வலை பின்னுறவர் எல்லோருக்கும் வரும்படி சுருங்கிடும். ஸ்கூல் லீவும் அதே மாசங்களில்தான். கையில் வேலை இல்லாத பையனும் காசு இல்லாத வீடும் ஒரே நேரத்தில் வரும் காலம் அது.

அப்போதான் கஞ்சா. அதுக்கு மேல, வலிக்குக் கொடுக்கிற மாத்திரை. டேபென்டடால் மாதிரி, ஓபியாய்டு வகையைச் சேர்ந்த மருந்து. ஆபரேஷன் ஆனவருக்கு நாங்க எண்ணி எண்ணி எழுதிக் கொடுப்பதைப் பசங்க ஊசியில் ஏத்திக்கிறாங்க. மூச்சு நின்னு போகலாம். ஊசி போட்ட இடம் சீழ் பிடிக்கும். ஒரே ஊசியை நாலு பேர் போட்டா ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. எல்லாம் வரிசையா காத்திருக்கு.

அந்த அம்மா கேட்பது ஒரே கேள்வி: "சார், இவன் திரும்ப நல்லா ஆயிடுவானா?"

உண்மையைச் சொல்றேன். உடம்பிலிருந்து போதையை இறக்குவது எங்களுக்குத் தெரியும். அதுக்கு மருந்து இருக்கு, வார்டு இருக்கு, மனநல மருத்துவர் இருக்கார். கஷ்டமே அதுக்கப்புறம்தான். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் என்ன செய்வான்? அதே தெரு, அதே மூணு நண்பர்கள், அதே சந்து. இந்தப் பத்து மணிக்கு எந்த மெடிக்கல் ஷாப்பிலும் மருந்து கிடையாது.

இந்த இடத்தில்தான் எனக்கு விக்கி ராய் ஞாபகம் வருவார்.

மேற்கு வங்காளத்தில் புருலியா. பதினோரு வயசில் வீட்டுப் பணத்தைத் திருடிக்கிட்டு டெல்லிக்கு ஓடிப்போன பையன். புதுடெல்லி ரயில் நிலையத்தில் குப்பை பொறுக்கினான். ஹோட்டலில் எச்சில் தட்டு கழுவினான். பிறகு 'சலாம் பாலக் டிரஸ்ட்' இல்லத்தில் சேர்ந்தான். மீரா நாயர் 1988-ல் எடுத்த 'சலாம் பாம்பே' படத்தைத் தொடர்ந்து, தெருவோரக் குழந்தைகளுக்காக உருவான அமைப்பு அது. பத்தாம் வகுப்பில் 48 சதவீதம். "படிப்பு உனக்கு வராது, டிவி மெக்கானிக் ஆயிடு" என்கிற மாதிரியான மார்க்.

அந்த இல்லத்துக்குப் படம் எடுக்க வந்த ஒரு வெளிநாட்டுப் புகைப்படக்காரருக்கு எடுபிடியா போனதில் ஆரம்பிச்சது. அப்புறம் அனய் மான் என்ற புகைப்படக் கலைஞரிடம் உதவியாளர். 2007-ல் 'ஸ்ட்ரீட் ட்ரீம்ஸ்' என்ற பெயரில் முதல் கண்காட்சி. தன்னை மாதிரியே தெருவில் வளர்ந்த பையன்களின் படங்கள். பிறகு நியூயார்க் போய், இடிந்த உலக வர்த்தக மையத்தைத் திரும்பக் கட்டும் வேலையைப் படமெடுத்தார். 2013-ல் புத்தகம். 2016-ல் ஃபோர்ப்ஸ் ஆசியாவின் முப்பது வயதுக்குட்பட்டோர் பட்டியலில் பெயர்.

கதையைக் கேட்டு "அட, கேமரா மாயம் பண்ணிடுச்சே"னு கிளம்பிடாதீங்க. திரும்ப ஒரு தடவை பாருங்க. முதலில் படுக்க இடம், சாப்பாடு. அடுத்து, பக்கத்தில் நின்னு சொல்லிக்கொடுத்த மனுஷன். அதுவும் ஒரு நாள் வொர்க்‌ஷாப் இல்லை, வருஷக்கணக்கில். இந்த ரெண்டும் இருந்த இடத்தில்தான் கேமரா வந்து வேலை செஞ்சது.

நம்ம ஊருக்கு வருவோம். எம்.பழனி குமார். மதுரைக்காரர். அம்மா மீன் விற்றவர். கடன் வாங்கித்தான் முதல் கேமரா. 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர், இப்போ 'பாரி' இணைய இதழின் புகைப்படக் கலைஞர். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதல் விருதாளர். அவர் வழி தவறிப்போன பையன் கிடையாது, அப்படிச் சொன்னா அநியாயம். அவரை இங்கே கொண்டுவரக் காரணம், தனக்குக் கிடைச்சதைப் பத்திரப்படுத்தி வச்சுக்காம பிள்ளைகளுக்குக் கொண்டுபோனார் என்பதுதான்.

மதுரையில் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் 12 பேர், 16 முதல் 21 வயசு. அவங்களுக்கு 10 நாள் பயிற்சி கொடுத்தார். தங்கள் அப்பா அம்மா எப்படிப்பட்ட இடத்தில் என்ன வேலை செய்றாங்கனு அந்தப் பிள்ளைகள் அப்போதான் முதல்முறையா நேரில் பார்த்தாங்க. யோசிச்சுப் பாருங்க. பதினாறு வருஷம் அதே வீட்டில் சோறு தின்னாச்சு, அந்த வேலையைக் கண்ணால் பார்த்ததில்லை. கேமராதான் கூட்டிட்டுப் போய்க் காட்டுச்சு.

நம்ம வடசென்னைப் பிள்ளைகளோடும் அவர் வேலை செஞ்சிருக்கார். இங்கே வாழும் இளைஞர்களின் பார்வையில் வடசென்னை என்று படங்கள் வெளிவந்திருக்கு. வெளியே இருந்து பார்த்தா சிம்னியும் கன்டெய்னர் லாரியும்தான் தெரியும். உள்ளே இருக்கிற பையன் எடுத்தா, அவன் பாட்டி கருவாடு காயவைக்கும் மொட்டைமாடி தெரியும். அவ்வளவு பக்கத்தில் போய் எடுக்க வெளியாளால் முடியாது. பாட்டி விடமாட்டாங்க.

சரி, கேமரா இந்த மூளைக்கு என்ன செய்யுது? என் கணிப்பைச் சொல்றேன்.

முன் மூளைனு ஒண்ணு இருக்கு. "இரு, அவசரப்படாத, பின்னாடி என்ன ஆகும்னு பார்"னு சொல்ற இடம். அது முழுசா முதிர இருபது வயசு தாண்டி மேலும் சில வருஷம் ஆகும். ஆனா "இப்பவே வேணும்"னு சொல்ற பகுதி பதினாலு வயசிலேயே முழு வேகத்தில் ஓடும். போதை அந்த ரெண்டாவது பகுதியோட பேசும். படம் எடுப்பதோ, அதே பகுதிக்குத் தீனி போட்டுக்கிட்டே முதல் பகுதிக்கும் வேலை வைக்கும். காசிமேட்டில் சூரியன் கடலுக்கு மேல வர்ற நேரம், படகு உள்ளே நுழையுற நேரம், ஏலக்காரர் கை தூக்குற நேரம், எதுவும் நமக்காகக் காத்திருக்காது. அஞ்சு மணிக்கு அங்கே நிக்கணும்னா பத்து மணிக்குப் படுக்கணும். நான் பத்து தடவை சொல்லியும் வராத தூக்க ஒழுங்கு, நல்ல வெளிச்சம் வேணும்னு ஆசைப்பட்டா தானா வரும்.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் முக்கியம். மனச்சோர்வு சிகிச்சையில் ஒரு முறை உண்டு. மனசு சரியானதும் வேலை செய்யலாம்னு காத்திருக்க வைக்க மாட்டோம். சின்னச் சின்ன வேலையைச் செய்ய வைப்போம், மனசு பின்னாடியே வரும். கேமரா அதுக்கு அருமையான சாக்கு. வெளியே போகணும், ஆள்கிட்ட பேசணும், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டா?"னு கேட்கணும். சாயங்காலம் திரும்பி வந்தா கையில் காட்ட ஒண்ணு இருக்கும்.

பொது சுகாதாரத்துக்கு இது புதுசும் இல்லை. 1990-களில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், கேரலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் 62 கிராமத்துப் பெண்கள் கையில் கேமரா கொடுத்தாங்க. உங்க வாழ்க்கையில் எது பிரச்சினைனு படமா எடுத்துக் காட்டுங்கனு சொன்னாங்க. அந்த முறைக்கு 'ஃபோட்டோ வாய்ஸ்'னு பெயர். இன்னைக்கு உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துறாங்க.

நம்ம பக்கம் படமெடுக்க விஷயத்துக்கா பஞ்சம்? 2017 ஜனவரியில் ரெண்டு கப்பல் மோதிக் கரையெல்லாம் எண்ணெய். வாளியில் அள்ளினாங்களே, ஞாபகம் இருக்கா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய். அதே மாசக் கடைசியில், நடுராத்திரியில் அமோனியா வாயுக் கசிவு, பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிட்டு ஓடினாங்க. வெளியிலிருந்து வந்த கேமராக்கள் ஒரு வாரத்தில் போயிடுச்சு. உள்ளே இருக்கிறவன் கையில் ஒண்ணு இருந்தா, வலையில் ஒட்டின எண்ணெய் மூணாவது மாசம் எப்படி இருக்குனு நமக்குத் தெரிஞ்சிருக்கும்.

இனி எச்சரிக்கை. கொல்கத்தா சோனாகாச்சி பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்து எடுத்த 'பார்ன் இன்டு பிராத்தல்ஸ்' ஆவணப்படத்துக்கு 2005-ல் ஆஸ்கர் கிடைச்சது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு வாழ்க்கை மாறுச்சு, ஒருவர் நியூயார்க் வரை போய்ப் படிச்சார். எல்லோருக்கும் மாறலை. நம்ம ஊரிலும் இந்த ஆபத்து உண்டு. மூணு நாள் பயிற்சி, ஒரு கண்காட்சி, விருந்தினர் கையால் சான்றிதழ். நாலாவது நாள் கேமராவைத் திரும்ப வாங்கிட்டுப் போயிடுவாங்க. ஏற்கெனவே எல்லோரும் விட்டுட்டுப் போன பையன் அவன். இன்னொரு தடவை அப்படிச் செய்யறதுக்கு, செய்யாமலே இருக்கலாம்.

போதைக்கு அடிமையானவனுக்குக் கேமராதான் சிகிச்சைனும் நான் சொல்லவே இல்லை. சிகிச்சை முதலில், மருத்துவமனையில். கேமரா அதுக்கப்புறம் வரும் காலை பத்து மணிக்கு.

எங்கே செய்யலாம்? புதுசா கட்டடம் தேவையில்லை. சென்னையில் காவல் துறையின் சிறார் மன்றங்கள் இருக்கு. கேரம் போர்டு, பாக்சிங் கிளவுஸ் இருக்கிற இடத்தில் ரெண்டு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் இருக்கட்டும். கூடவே, வாரம் ரெண்டு நாள் வர்ற, சம்பளம் வாங்கற ஒரு ஆசிரியர். கேரம் இந்தப் பகுதிக்கு என்ன கொடுத்துச்சுனு 2024-ல் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கி வந்த காசிமாவைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டோம், ஆட்டோ ஓட்டுநர் மகள். ஆசை பிடிச்சுக்கிட்ட பையன் பிளஸ் டூ முடிச்சா, தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கு, ஒளிப்பதிவுக்கே பட்டப்படிப்பு. அவ்வளவு தூரம் போகலைன்னாலும் பரவாயில்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம்னு நம்ம தெருவில் படம் எடுக்க ஆள் தேடாத மாசம் உண்டா? அந்தக் காசில் வீட்டுக்கு அரிசி வாங்கினா அதுவும் கலைதான்.

உங்க வீட்டு அலமாரியில், போன் கேமரா நல்லா வந்த பிறகு தூங்கிக்கிட்டிருக்கிற டி.எஸ்.எல்.ஆர். ஒண்ணு இருக்கும். கொடுக்க மனசிருந்தா அந்தப் பகுதியில் வருஷக்கணக்கில் வேலை செய்யும் மாலைநேர வகுப்போ, அமைப்போ பார்த்துக் கொடுங்க. லென்ஸ், சார்ஜர், மெமரி கார்டு மூணும் சேர்த்துக் கொடுங்க, சார்ஜர் இல்லாத கேமரா பேப்பர் வெயிட்.

முக்கியமா, பில்லையும் கொடுங்க. பில் தொலைஞ்சிருந்தா, "இந்த எண்ணுள்ள கேமராவை இன்னாருக்கு நான் கொடுத்தேன்"னு கையெழுத்துப் போட்டு, போன் நம்பர் எழுதி ஒரு கடிதம். ஏன்னா விடியற்காலை அஞ்சு மணிக்குக் காசிமேட்டுப் பையன் கழுத்தில் கேமரா தொங்கினா, முதலில் வர்ற கேள்வி "என்ன படம் எடுக்கற?" இல்லை. "ஏதுடா இது, எங்க அடிச்ச?"

வீட்டில் யாராவது போதைப் பழக்கத்தில் இருந்தா, 14446. தேசிய போதை மீட்பு உதவி எண், கட்டணம் இல்லை. மனசு சரியில்லைன்னா, 14416. ரெண்டையும் போனில் சேமிச்சு வைங்க.