கறுப்பு மூட்டை

வீட்டைக் கூட்டி, குப்பையை முறத்தில் அள்ளி, தெருமுனைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தால் நம் வேலை முடிந்தது. லாரி வரும், எடுத்துக்கொண்டு போகும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று நாம் கேட்பதில்லை. நம் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சுத்தம். உண்மையான பெயர் இடமாற்றம்.

சுத்தத்துக்குப் பேர்போன ஜப்பான்காரர்கள் 2011-லிருந்து ஒரு வீட்டைக் கூட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஃபுகுஷிமா. இன்னும் முடியவில்லை. எப்போது முடியும் என்று சொல்லவும் ஆளில்லை.

சமீபத்தில் ஒரு நண்பர் போன் செய்தார். இன்ஜினியர். நன்றாகப் படித்தவர். “அணு உலைன்னாலே ஏன் சார் ஜனங்களைப் பயமுறுத்துறீங்க? ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சால் எத்தனை பேர் செத்தாங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்றார்.

நியாயமான கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், நேரடியாகக் கதிர்வீச்சுதான் காரணம் என்று சொல்லக்கூடிய உடல்நலக் கேடு எதுவும் அந்தப் பகுதி மக்களிடம் பதிவாகவில்லை என்று சொல்லியிருக்கிறது. நிலையத்தில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி நுரையீரல் புற்றுநோயில் இறந்ததற்கு மட்டும், வேலையில் பட்ட கதிர்வீச்சு காரணம் என்று 2018-ல் ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது. ஆயிரக்கணக்கில் பிணம் விழுந்தது என்று எழுதினால் அது பொய். நான் எழுத மாட்டேன்.

ஆனால் கணக்கை அங்கேயே முடித்துக்கொள்வது இன்னொரு பொய்.

உலையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் ஒரு மருத்துவமனை இருந்தது. படுக்கையில் கிடந்த முதியவர்களை அவசர அவசரமாக பஸ்ஸில் ஏற்றி, எங்கே இறக்குவது என்று தெரியாமல் மணிக்கணக்கில் அலைந்தார்கள். அந்த மருத்துவமனையிலும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்திலும் இருந்தவர்களில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஊரைவிட்டு வெளியேறியவர்கள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். முகாமில், அடுத்தவர் வீட்டில், மருந்தில்லாமல், மனமொடிந்து, தற்கொலை செய்துகொண்டு என்று ஃபுகுஷிமா மாகாணத்தில் பேரிடர் தொடர்பான சாவாக அரசே பதிவு செய்தது 2,300-க்கு மேல். அந்த மாகாணத்தில் பூகம்பத்திலும் சுனாமியிலும் நேரடியாகச் செத்தவர்களைவிட இது அதிகம். இந்தச் சாவையெல்லாம் யார் கணக்கில் எழுதுவது? கதிர்வீச்சு கொல்லவில்லை, சரி. அந்த உலை அங்கே இல்லாமல் இருந்திருந்தால் இவர்களில் பெரும்பாலோர் அந்த பஸ்ஸில் ஏறியே இருக்க மாட்டார்களே?

இனி சுத்தம் செய்த கதைக்கு வருவோம்.

வெளியே வந்த கதிரியக்கப் பொருள்களில் முக்கியமானது சீசியம்-137. அதன் அரை ஆயுள் 30 வருடம். அதாவது 30 வருடத்தில் பாதி குறையும். மீதிப் பாதியில் பாதி குறைய இன்னொரு 30 வருடம். இதை எரித்து அழிக்க முடியாது. எரித்தால் சாம்பலில் சேர்ந்து நிற்கும். கழுவினால் தண்ணீரோடு இன்னொரு இடத்துக்குப் போகும். களிமண்ணைக் கண்டால் ஒட்டிக்கொண்டு விடாது. அதனால் வயலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் மேல்மண்ணைச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டினார்கள். தலைமுறை தலைமுறையாக எரு போட்டு வளர்த்த மண் அது. அதைச் சுரண்டிக் கறுப்பு மூட்டைகளில் கட்டி, வயலிலேயே அடுக்கினார்கள். 2015-ல் பெய்த பெருமழையில் ஈடாட்டே கிராமத்து மூட்டைகள் நூற்றுக்கணக்கில் ஆற்றோடு போயின. 2019 புயலில் இன்னொரு ஊர் மூட்டைகள் போயின.

மலையையும் காட்டையும் என்ன செய்தார்கள்? வீடுகளை ஒட்டிய 20 மீட்டர் அகலத்துக்குச் சுத்தம் செய்தார்கள். மிச்சத்தை விட்டுவிட்டார்கள். ஃபுகுஷிமாவில் பத்தில் ஏழு பங்கு காடு. வாசலை மட்டும் பெருக்கிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி.

இந்தச் சுரண்டல் வேலையை யார் செய்தார்கள்? ‘சுரண்டல்’ என்ற வார்த்தைக்கு இங்கே இரண்டு அர்த்தமும் பொருந்தும். கான்ட்ராக்ட், சப் கான்ட்ராக்ட், அதற்குக் கீழே இன்னொரு சப் கான்ட்ராக்ட். செண்டாய் ரயில் நிலையத்தில் படுத்துக்கிடந்த வீடற்றவர்களைத் தரகர்கள் கூட்டிக்கொண்டு போனதை 2013-ல் ராய்ட்டர்ஸ் வெளிப்படுத்தியது. தொழில் கற்றுக்கொள்ள வந்த வியட்நாம் இளைஞர்களை, என்ன வேலை என்றே சொல்லாமல் மண் அள்ள விட்டது 2018-ல் வெளியே வந்தது. ரோபோவுக்குப் பேர்போன நாடு. கடைசியில் மண்வெட்டி பிடிக்க ஏழைதான் வேண்டியிருந்தது.

அடுத்தது, நம்பர் விளையாட்டு.

பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட் என்பதுதான் விபத்துக்கு முன் இருந்த அளவு. 2011 ஏப்ரலில், ஃபுகுஷிமா பள்ளிக்கூடங்களுக்கு 20 வரை பரவாயில்லை என்றது அரசு. அணு உலைத் தொழிலாளிக்கு வருட சராசரியாக அனுமதிக்கப்பட்ட அளவு அது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு அதே அளவு! பிரதமர் அலுவலகத்தின் ஆலோசகராக இருந்த டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டோஷிசோ கோசாகோ, இதை ஏற்க முடியாது என்று ராஜினாமா செய்து, பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதார். அதன்பிறகு பெற்றோர்கள் திரண்டு போராடிய பிறகுதான், பள்ளிக்கூடத்தில் 1-ஐ இலக்காக வைக்கிறோம் என்று இறங்கி வந்தார்கள். ஊர் திரும்பலாம் என்று மக்களை அனுப்புவதற்கு மட்டும் 20 அப்படியே நின்றது.

மண்ணுக்கும் இதே கதைதான். அணு உலையிலிருந்து வரும் பொருளைச் சாதாரணப் பொருளாக வெளியே விட, கிலோவுக்கு 100 பெக்கரல் என்பது வரம்பு. ஃபுகுஷிமா மண்ணை ரோடு போடவும் கரை கட்டவும் பயன்படுத்த 8,000 பெக்கரல் வரை சரியாம். அது தடையில்லாமல் விடுவதற்கு, இது மேலே நல்ல மண் போட்டு மூடுவதற்கு என்று விளக்கம் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் சாமான்யனுக்கு இதில் என்ன புரியும்? காய்ச்சல் குறையவில்லை, தெர்மாமீட்டரை மாற்றிவிட்டார்கள் என்றுதானே?

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன்.

அந்த நிலையத்தின் பெயர்தான் ஃபுகுஷிமா. சொந்தக்காரர் டோக்கியோ மின்சார நிறுவனம், டெப்கோ. அங்கே தயாரான மின்சாரம் போனது டோக்கியோவுக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும். ஃபுகுஷிமாக்காரன் வீட்டு விளக்கு எரிந்தது வேறு கம்பெனி கரண்டில். சேகரித்த மண் சுமார் 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர். உலையைச் சுற்றி ஒகுமா, ஃபுதாபா என்ற இரண்டு ஊர்களில் 1,600 ஹெக்டேர் நிலத்தை எடுத்து அங்கே குவித்திருக்கிறார்கள். இது தற்காலிகம்தான், 2045 மார்ச்சுக்குள் மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய்விடுவோம் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

எங்கே? யார் வாங்கிக்கொள்வார்கள்? டோக்கியோவின் ஷிஞ்ஜுகு பூங்காவில் கொஞ்சம் மண்ணைப் போட்டுப் பார்க்கலாம் என்று 2022 கடைசியில் அரசு சொன்னது. அக்கம்பக்கத்தினர் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. 2025 ஜூலையில் பிரதமர் அலுவலகத் தோட்டத்தில் 2 கன மீட்டர் போட்டுக் காட்டினார்கள். 1 கோடியே 40 லட்சத்தில் 2!

மின்சாரம் வந்தபோது கம்பியைப் பிடித்து வாங்கிக்கொண்டவர்கள், மண் வரும்போது கதவைச் சாத்துகிறார்கள். நான் டோக்கியோக்காரர்களைத் திட்டவில்லை. அவர்கள் பயம் நியாயமானது. அதே பயம் ஃபுகுஷிமாக்காரனுக்கு மட்டும் ஏன் மூடநம்பிக்கை ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

கடலுக்கும் இதுதான் நடந்தது. மீனவர்களுக்கு 2015-ல் எழுத்தில் வாக்குக் கொடுத்தார்கள்: உங்கள் சம்மதம் இல்லாமல் தண்ணீரை எதுவும் செய்ய மாட்டோம். 2023 ஆகஸ்ட் 24 அன்று, மீனவர் சங்கம் எதிர்த்துக்கொண்டிருக்கும்போதே திறந்துவிட்டார்கள். சுத்திகரித்து, ட்ரிடியத்தை நீர்க்கவைத்து விடுவதால் பாதிப்பு மிகமிகக் குறைவு என்று சர்வதேச அணுசக்தி முகமை சொன்னது. விஞ்ஞானம் சரியாகவே இருக்கட்டும். கொடுத்த வாக்கு? அதை நீர்க்கவைக்க எந்த மெஷின்?

உருகிய எரிபொருள் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. சுமார் 880 டன். 13 வருடம் கழித்து, 2024 நவம்பரில் முதல்முறையாக வெளியே எடுத்தது 0.7 கிராம். பெரிய அளவில் எடுப்பது 2037-க்கு முன்னால் நடக்காது என்று 2025-ல் சொல்லிவிட்டார்கள். மொத்தச் செலவு மதிப்பீடு 23.4 லட்சம் கோடி யென். நம் பணத்தில் பத்து லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும். நம் நாடாளுமன்றம் 2010-ல் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டம் போட்டபோது, நிலையத்தை நடத்துபவருக்கு வைத்த உச்சவரம்பு 1,500 கோடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

தண்டனை? 15.7 மீட்டர் உயரத்துக்கு அலை வரலாம் என்று டெப்கோவின் சொந்தக் கணக்கே 2008-ல் சொன்னது. கிடப்பில் போட்டார்கள். இது மனிதர்கள் உண்டாக்கிய விபத்து என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு 2012-ல் சொன்னது. ஆனால் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதிகாரிகளின் விடுதலையை உறுதி செய்தது. 13 லட்சம் கோடி யென் கட்டவேண்டும் என்ற 2022 சிவில் தீர்ப்பையும் 2025 ஜூனில் மேல்முறையீட்டில் ரத்து செய்துவிட்டார்கள். தப்பு நடந்தது, தப்பு செய்தவர் யாரும் இல்லை!

இதையெல்லாம் டி.வி.யில் பார்த்துவிட்டுத்தான் 2011-ல் இடிந்தகரை ஜனங்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பதில் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. 2004 சுனாமியில் கல்பாக்கம் பம்ப் ஹவுஸில் தண்ணீர் புகுந்தும் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள், பாராட்டுவோம். ஆனால் பாராட்டு வேறு, பதில் வேறு.

ஃபுதாபா ஊரில் தெருவுக்குக் குறுக்கே ஒரு பெரிய போர்டு இருந்தது. ‘அணுசக்தி, ஒளிமயமான எதிர்காலத்தின் ஆற்றல்.’ எண்பதுகளில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுப்பாடமாக எழுதிப் பரிசு வாங்கிய வாசகம். அந்தப் பையன் பெரியவனாகி, ஊரைவிட்டு ஓடவேண்டி வந்தது. 2015 கடைசியில், பழசாகிவிட்டது, ஆபத்து என்று போர்டைக் கழற்ற வந்தபோது, வேண்டாம், இருக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்று போராடியதும் அவர்தான். தான் சின்ன வயதில் எழுதியது தப்பு என்று ஊரறியச் சொன்ன ஒரே ஆள்.

எழுதிய பையனுக்கு இருந்த அந்த ரோஷத்தில் ஒரு கிராம்கூட வேண்டாம். 0.7 கிராம் போதும். எழுதவைத்த பெரியவர்களுக்கு அது எப்போது வரும்?