ஜூடித் ஸ்காட்டுக்குக் கிடைத்த இரண்டு ஆண்டுகள்

மாற்றுத்திறனாளிகள் தங்கி வாழும் இல்லங்களின் கால அட்டவணையில் இயன்முறை மருத்துவத்துக்கு ஒரு கட்டம், பேச்சுப் பயிற்சிக்கு ஒரு கட்டம் எனத் தனித்தனியே இருக்கும். ஓவியமும் இசையும் கைவினையும் 'பொழுதுபோக்கு' என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும். நிதி சுருங்கும்போது முதலில் அழிபடுவதும் அதுவே. பொழுதைப் போக்கித் தொலைக்க வேண்டிய ஒன்றாகக் கருதும் அச்சொல்லே எனக்கு உறுத்தல் தருவது. நினைத்தபோது வெளியேற இயலாதவருக்குப் பொழுதைத் தவிர வேறு என்ன உடைமை இருக்கிறது?

1943இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், இரட்டையருள் ஒருவராகப் பிறந்தவர் ஜூடித் ஸ்காட். டவுன் நோய்க்குறி உடையவர். செவியும் கேளாது, ஆனால் அதை எவரும் நெடுங்காலம் கண்டறியவில்லை. வாய்மொழிக் கேள்விகளுக்கு விடை வராததால் கல்விக்குத் தகுதியற்றவர் என முடிவுகட்டி, 1950இல், ஏழாம் வயதில், அரசுக் காப்பகத்துக்கு அனுப்பினர். அத்தகைய காப்பகங்களில் கழிந்தவை ஏறத்தாழ 35 ஆண்டுகள். அவர் ஆசையோடு எடுத்த வண்ணக்கோல்களைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள் என்கிறார் சகோதரி ஜாய்ஸ். உணவும் உறைவிடமும் குறைவற்ற ஓரிடத்திலும் இது நிகழக்கூடும் என்பதே என்னை அச்சுறுத்துகிறது.

பின்னர் ஜாய்ஸ் சட்டப்படி காப்பாளராகி அவரைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்து வந்தார். 1987இல் ஓக்லாந்தின் 'கிரியேட்டிவ் குரோத்' கலைக்கூடத்தில் சேர்த்தார். எலியாஸ் காட்ஸ் என்ற உளவியலாளரும் அவர் மனைவி ஃபுளோரன்ஸும் 1974இல் தொடங்கிய அங்கே, உடனிருப்பவர்கள் சிகிச்சையாளர்கள் அல்லர், கலைஞர்கள். ஜூடித் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எதிலும் மனம் ஒட்டாதிருந்தார். பிறகு ஒருநாள் நூல்கலைப் பட்டறையில் குச்சிகளை நூலால் சுற்றத் தொடங்கினார். 2005இல் மறையும்வரை சுற்றினார். ஏறத்தாழ இருநூறு சிற்பங்கள். இன்று அவை பெரும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

நான் வியப்பது சிற்பங்களையன்று, அந்த இரண்டு ஆண்டுகளை. மாதந்தோறும் 'முன்னேற்றம்' பதியும் படிவம் ஒன்று இருந்திருந்தால் ஆறாம் மாதமே அவர் பெயர் அடிக்கப்பட்டிருக்கும். சிகிச்சைக்கு இலக்கு வேண்டும், அளவுகோலும் வேண்டும். விறைத்த மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று பார்க்கத்தான் வேண்டும். அதே அளவுகோலைத் தறிக்கும் தாளத்துக்கும் நீட்டுவதுதான் பிழை. 'இசையால் பதற்றம் தணிகிறது, ஆகவே இசை' என்று வாதிடும் நல்லுள்ளங்களோடும் எனக்குப் பிணக்கு உண்டு. நாம் பாட்டுக் கேட்பதற்கு மருத்துவச் சீட்டா காட்டுகிறோம்?

'எல்லோரும் ஜூடித் ஆகிவிடுவார்களா' என்று கேட்போர் உண்டு. ஆக வேண்டியதில்லை. இருபது ஆண்டுகள் நூல் சுற்றி ஒன்றும் தேறாமற் போனாலும் அந்த நூற்கண்டு அவருக்கு உரியது. 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை உரிமையாகவே வைக்கிறது. 2016ஆம் ஆண்டின் நம் சட்டத்திலும் 29ஆம் பிரிவு பண்பாட்டையும் கேளிக்கையையும் பற்றியது. இல்லங்களைப் பார்வையிடச் செல்வோர் சமையற்கூடத்தையும் கழிப்பறையையும் பார்ப்பதோடு, வண்ணப்பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்கலாம்.