இலைக்குப் பெயர் சொல்லும் உணவகம்



கோலாலம்பூரில் டெவாக்கான் என்றோர் உணவகம் உண்டு. மலாய்மொழியில் தேவரைக் குறிக்கும் 'டேவா', உண்ணுதலைக் குறிக்கும் 'மாக்கான்' ஆகிய இரு சொற்களின் கூட்டே அப்பெயர். 2015இல் ஷா ஆலமில் ஒரு கல்லூரி வளாகத்தில் தொடங்கிப் பின்னர்த் தலைநகருக்கு இடம்பெயர்ந்தது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் இடம்பெற்ற முதல் மலேசிய உணவகம் இதுவே, ஆண்டு 2019. மிஷெலின் கையேட்டின் 2024ஆம் பதிப்பில் இரண்டு விண்மீன்களைப் பெற்று, நம் நாட்டில் அத்தகுதியை முதலில் எட்டியதும் இதுதான். இதன் தலைமைச் சமையற்கலைஞர் டேரன் தியோ முன்னர் அக்கல்லூரியில் விரிவுரையாளராய் இருந்தவர். ஆசிரியர் தொழிலர் ஒருவரின் வெற்றி என்பதால் எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி!

சமைக்கும் பொருள்களோ நம் நாட்டினுடையவை. ஊலாம் இலைகள், பூண்டு மணம் வீசும் கூலிம் காய், நம் கடல் மீன் என்று அந்தந்த வேளையில் கிடைப்பதைக் கொண்டே உணவு அமைகின்றது. ஓர் இரவு உணவுக்குப் பல நூறு ரிங்கிட். (ஆசிரியர் சம்பளத்தில் நான் இன்னும் அந்தப் படியேறவில்லை.) "தழையைத் தின்ன இவ்வளவு பணமா?" என்று நம்மவர் நகைப்பதைக் கேட்டிருக்கின்றேன். எனக்கு அந்நகைப்பில் உடன்பாடில்லை. விலையை விடுங்கள், நம் மண்ணில் முளைப்பது விருந்துக்கு உரியது என்று ஒருவர் நிறுவிக் காட்டியிருக்கின்றார். நம் வீட்டில் அதே இலைக்கு என்ன மதிப்பு?

பெகாகா என்றால் நம் மாணவர்களுக்குத் தெரியும். அதுவே வல்லாரை என்பது தெரியாது. கெலுலுட் தேனைக் கடையில் வாங்குகின்றோம். கொசுத்தேன் என்ற பெயர் நம் பிள்ளைகளின் காதில் விழுவதேயில்லை. மலாய்க்காரர் சிலர் முருங்கையை 'ரெமுங்காய்' என்பர். நம் சொல் அவர்கள் தோட்டத்தில் வேரூன்றியிருக்க, நம் பிள்ளையோ முருங்கை மரத்தை அடையாளம் காணாமல் விழிக்கின்றான்! பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்தபோது வேலியோரத்துக் கீரைக்கெல்லாம் பெயர் தெரிந்த பெண்கள் லயத்துக்கு லயம் இருந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது அறைகலன்கள் வந்து சேர்ந்தன. கீரைப் பெயர்கள் வரவில்லை.

பருவம் என்ற சொல்லையும் பாருங்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று ஆறு பெரும்பொழுதுகளை மாணவர் ஒப்புவிக்கின்றனர். சிரம்பானில் எந்தப் பனி? நமக்கு டுரியானும் மங்குஸ்தீனும் குவியும் ஆண்டின் நடுப்பகுதி ஒரு பருவம். பால்மரம் இலையுதிர்க்கும் ஆண்டுத் தொடக்கம் ஒரு பருவம். கிழக்குக்கரை மீனவர் கடலுக்குப் போகவியலாத ஆண்டிறுதி அடைமழை இன்னொரு பருவம். பெரும்பொழுதுகளைக் கற்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு இவற்றையும் சேர்த்துச் சொன்னால் கட்டுரையில் பிள்ளை தன் ஊரை எழுதுவான்.

பள்ளித் தோட்டம் உள்ள ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு செடிக்கும் தமிழ், மலாய் இருபெயரும் எழுதிய பலகை நடுங்கள். தமிழ்ப்பெயர் இல்லாதவற்றுக்குப் புதுப்பெயர் புனையும் ஆர்வலர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: பூங்கா காந்தான் பூங்கா காந்தானாகவே இருக்கட்டும். அது இம்மண்ணின் சொல். தமிழெழுத்தில் எழுதினால் போதும்.

பெற்றோர்களே, 'எனக்குப் பிடித்த உணவு' என்று கட்டுரை கேட்டால் பிள்ளைகள் கோழிப்பொரியலைத் தாண்டுவதில்லை. வரும் விடுமுறையில் அவர்களைப் பாட்டியிடம் அனுப்பி, ஐந்து கீரைகளின் பெயரும் சமைக்கும் முறையும் எழுதி வரச் செய்யுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த அந்தப் பாட்டிமார்க்கு இப்போது எழுபது, எண்பது வயது.