பன்றியைச் சுடுவது யார்?

மல்லாட்டை காய் பிடிக்கும் மாதத்தில் செங்கம், தண்டராம்பட்டு பக்கத்துக் குடியானவருக்கு ராத்தூக்கம் கிடையாது. டார்ச் லைட்டும் தகர டின்னுமாகக் கொல்லையில் உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் கண் அசந்தால் போச்சு! காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து, ஏர் பூட்டி உழுத மாதிரி கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும்.

சுடலாமா? கூடாது!

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. முன்பெல்லாம் லைசென்சு வாங்கிச் சுட்டார்கள். 1991-ல் சட்டத்தைத் திருத்தி அதையும் எடுத்துவிட்டார்கள். மலைவாசிகளுக்கு வன உரிமை கொடுத்த 2006-ம் ஆண்டுச் சட்டம்கூட வேட்டை உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. ஜவ்வாது மலைக்காரர் தேன் எடுக்கலாம். முயலுக்குக் கண்ணி வைத்தால் கேஸ்! 3 ஆண்டு வரை ஜெயில்.

கண்டிப்பு வேண்டியதுதான். திருவண்ணாமலையில் காடு ஊரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கிரிவலப் பாதை ஓரத்திலேயே புள்ளிமான் மேய்கிறது. பவுர்ணமிக்குப் பவுர்ணமி லட்சக்கணக்கான ஜனம் நடக்கிற 14 கிலோ மீட்டர் பாதை அது. இங்கே ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்தால் என்ன ஆகும்?

ஆனால் தடை போட்டதால் வேட்டை நின்றுவிட்டதா? இல்லையே! தின்பண்டத்துக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் இருக்கிறது. கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுக்கும் திருட்டுக் கரண்டு வேலி இருக்கிறது. துப்பாக்கி பிடித்தவனாவது குறி பார்ப்பான். கம்பி எதைப் பார்க்கும்? பன்றிக்குக் கட்டியதில் பசுமாடு விழுகிறது. தண்ணீர் பாய்ச்சப் போன மனிதரும் விழுகிறார்.

பக்கத்து தருமபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் 3 யானைகள் இப்படித்தான் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அந்த ஆண்டே அரசு மின்வேலிக்கு விதி கொண்டுவந்தது. இனி அனுமதி வேண்டும், பதிவு வேண்டும் என்றது. திருட்டுக் கொக்கி போடுகிறவன் பதிவு செய்யவா வருவான்!

2025 ஜனவரியில் தமிழக அரசு பன்றிக்கும் ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். 1 முதல் 3 கிலோ மீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோ மீட்டருக்குள் தொடக்கூடாது.

இங்கேதான் இடிக்கிறது. காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்குத்தான் தொல்லை அதிகம். அவருக்குத்தான் இந்த உத்தரவால் ஒரு பிரயோசனமும் இல்லை! பன்றி என்ன, மூன்று கிலோ மீட்டர் நடந்து வந்து, "இப்போது சுடுங்கள்" என்று நிற்குமா?

கேரளத்தில் 2022-ல் பஞ்சாயத்துத் தலைவருக்கே அதிகாரம் கொடுத்து, லைசென்சு துப்பாக்கிக்காரரை வைத்துச் சுட வழி செய்தார்கள். அதை அப்படியே இங்கே காப்பி அடிக்க வேண்டாம். ஊர்த் தகராறு தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. சுடுவது வனத்துறையாகவே இருக்கட்டும். ஆனால் கூப்பிட்டால் அன்று ராத்திரியே ஆள் வர வேண்டும். காட்டோர நிலத்துக்கு அகழியோ, ஆளைக் கொல்லாத சோலார் வேலியோ அரசு செலவில் போட வேண்டும். பயிர் நஷ்டஈட்டுப் பணம் அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். மனுவைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கும் ரேஞ்சர் ஆபீசுக்கும் நடக்கிறவர்தான், ஒருநாள் கொக்கியைக் கையில் எடுக்கிறார்.